ஒரே பெட்டிக்குள் வீணையும் நாதசுரமும்

ஏற்காட்டில் ஆண்டுதோறும் மே மாதம் கோடை விழா நடைபெறுகிறது. மலர்க் கண்காட்சியும் படகுப் போட்டியும் பகலில். பொழுது சாய்ந்தபின் கலை நிகழ்ச்சிகள். மெல்லிசைக் குழு மேடையேறியதும் எல்லார் கண்ணும் பாடுகிறவர் மீதுதான் இருக்கும். அடுத்த முறை நீங்கள் சற்று ஓரமாகப் பாருங்கள். அங்கே ஒருவர் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் கொண்ட நீண்ட பெட்டி ஒன்றின் முன் நின்றுகொண்டிருப்பார். பாட்டின் தொடக்கத்தில் முப்பது வயலின்கள் ஒன்றாக இசைப்பது போல் கேட்கும். அது அவர்தான். இடையில் ஒரு புல்லாங்குழல், அதுவும் அவர்தான். கல்யாணக் காட்சிப் பாட்டு என்றால் நாதசுரம் ஒலிக்கும். அப்போதும் மேடையில் சீவாளியும் இல்லை, உலவும் இல்லை, ஊதுபவரும் இல்லை. அவர் ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

இந்த வித்தை எப்படி நடக்கிறது? அந்த நாதசுரம் உண்மையான நாதசுரத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது? எங்கே தோற்றுப்போகிறது? இரண்டாவது கேள்வி சும்மா கேட்கும் கேள்வி அன்று. அதன் விடையில் சிலருடைய பிழைப்பும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். கீபோர்டிலிருந்து வரும் எந்த ஒலியும் கடைசியில் ஒலிபெருக்கியின் கூம்பு வடிவக் காகிதம் முன்னும் பின்னும் அசைவதால் பிறப்பதுதான். காகிதத்துக்கு வீணையும் தெரியாது, குழலும் தெரியாது. எந்த நொடியில் எவ்வளவு தூரம் அசைய வேண்டும் என்று மின்னோட்டம் சொல்கிறதோ அதன்படி அசையும். ஆகவே நம் கேள்வி இப்படி மாறுகிறது: வீணை எந்த வகையில் காற்றை அசைக்கிறதோ அதே வகையில் அசையுமாறு அந்தக் காகிதத்துக்கு எப்படிக் கட்டளையிடுவது?

ஒரே சட்சம், மூன்று குரல்

வீணை, புல்லாங்குழல், நாதசுரம் மூன்றையும் ஒரே சட்சத்தில், ஒரே அளவு உரப்பாக ஒலிக்கச் செய்வோம். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, சட்சத்தின் அதிர்வெண் விநாடிக்கு 300 என்று கொள்வோம். சுருதி ஒன்று, உரப்பும் ஒன்று. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டே எது எதென்று சொல்லிவிடுகிறோம். இந்த வேறுபாட்டைத்தான் ஒலிப்பண்பு என்கிறோம்.

காரணம், எந்தக் கருவியும் 300 அதிர்வை மட்டும் தருவதில்லை. 600, 900, 1200, 1500 என அதன் மடங்குகளும் கூடவே எழுகின்றன. இவை மேற்சுரங்கள். எந்த மேற்சுரம் எவ்வளவு என்பது கருவிக்குக் கருவி மாறும். மெல்ல ஊதிய புல்லாங்குழலில் அடிப்படைச் சுரமே பெரும்பகுதி. மேற்சுரங்கள் இரண்டு மூன்று ஊறுகாய் போலத் தொட்டுக்கொண்டு நிற்கும். நாதசுரம் கீழே போகப்போக விரியும் கூம்புக் குழல். அதன் வாயில் இரட்டை நாக்குள்ள சீவாளி. அதனால் மேற்சுரங்கள் வரிசையாக, வலுவாக, வெகு உயரம் வரை எழும். அடிப்படையையே மிஞ்சும் மேற்சுரங்களும் உண்டு. ஒரு தெருவில் ஊதினால் மூன்று தெருவுக்குக் கேட்பது இதனால்தான்.

எந்தச் சீரான அலையையும் இப்படி எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பதைப் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபூரியே 1822ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் காட்டினார். வெப்பம் பரவும் முறையை ஆராயப்போய்க் கிடைத்த விடை அது! பிரிக்க முடியுமானால் சேர்க்கவும் முடியும் அல்லவா? மேற்சுரங்களைத் தனித்தனியே உண்டாக்கி, சமையற் குறிப்புப்படி கலந்தால் வேண்டிய கருவி கிடைத்துவிட வேண்டும்.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் இதையே கருவியாகச் செய்து விற்றார். அவர் மின்சாரக் கடிகாரங்கள் செய்தவர். மின் மோட்டாரைச் சீராகச் சுழலவைப்பது அவருக்குக் கைவந்த கலை. அவருடைய ஆர்கனுக்குள் 91 சிறிய எஃகுச் சக்கரங்கள் சுழன்றன. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் அலையலையாக வெட்டப்பட்டிருக்கும். அருகில் கம்பிச் சுருள் சுற்றிய காந்தம். விளிம்பின் மேடும் பள்ளமும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்கும். ஒரு சக்கரம், ஓர் எளிய அலை. இசைப்பவர் முன்னால் ஒன்பது இழுப்புக் கோல்கள் இருந்தன. எந்த மேற்சுரம் எவ்வளவு வேண்டுமோ அந்தக் கோலை அந்த அளவு வெளியே இழுக்கலாம். கோல் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை ஒன்பது நிலைகள். அப்படியானால் எத்தனை சேர்க்கைகள்? 9ஐ ஒன்பது முறை பெருக்கிப் பாருங்கள்: 38 கோடியே 74 லட்சத்துக்கும் மேல் வருகிறது.

இத்தனை கோடிச் சேர்க்கை இருந்தும் அந்தக் கருவி எதைப் போல் ஒலித்தது தெரியுமா? ஹாமண்ட் ஆர்கனைப் போல்! அதற்கென்று ஓர் அழகு உண்டு. ஆனால் வீணையும் வரவில்லை, வயலினும் வரவில்லை. சமையற் குறிப்பில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது.

விட்டுப்போனது காலம்

அது என்ன என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வீட்டில் கைப்பேசி இருந்தால் போதும். ஒரு வீணையையோ கிதாரையோ, அதுவும் இல்லாவிட்டால் இழுத்துக் கட்டிய ஒரு கம்பியையோ மீட்டி, ஒலி அடங்கும் வரை பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவைப் பின்னோக்கி ஓட்டும் வசதி பல செயலிகளில் உண்டு, ஓட்டிக் கேளுங்கள். மீட்டிய கம்பி ஆர்மோனியம் போலவோ ஆர்கன் போலவோ ஊதிப் பெருகி, சட்டென்று நின்றுவிடும். அதே மேற்சுரங்கள், அதே அளவுகள், திசைதான் மாறியது. அதற்குள் கருவியே மாறிவிட்டது!

காது மேற்சுரங்களின் பட்டியலை மட்டும் பார்ப்பதில்லை. அவை எப்படிப் பிறந்து, வளர்ந்து, மறைகின்றன என்ற வரலாற்றையும் பார்க்கிறது. மீட்டிய கம்பியில் எல்லா மேற்சுரங்களும் முதல் கணத்திலேயே எழுந்துவிடும். உயர்ந்தவை விரைவில் இறக்கும். அடிப்படை கடைசிவரை நிற்கும். வயலினில் வில் கம்பியைப் பற்றிக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சிறு உராய்வொலிதான் வயலினின் கையெழுத்து. 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் குளோட் ரிசே என்ற பிரெஞ்சு அறிஞர் எக்காள ஒலியைக் கணிப்பொறியால் பிரித்து ஆராய்ந்தார். உரப்பு கூடக்கூட உயர் மேற்சுரங்களின் பங்கும் கூடுகிறது என்று கண்டார். அந்த ஒரு தொடர்பைக் கணிப்பொறிக்குச் சொன்னதும், அதுவரை ஊமையாக இருந்த செயற்கை எக்காளம் பித்தளைக் குரலில் பேசத் தொடங்கியது.

இதற்குப் பின் வந்த மின்னணு இசைக்கருவிகள் எல்லாம் ஒரே சிக்கலுக்கான வெவ்வேறு விடைகளே. ஒலியின் வரலாற்றை எப்படி உண்டாக்குவது, அல்லது எங்கே சேமித்துவைப்பது?

மலை செய்யும் வேலை

ஏற்காட்டு மாணவர்களுக்கு முதல் விடை ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது. பள்ளத்தாக்குக்கு அப்பால், காப்பித் தோட்டத்தின் மறுகோடியில் ஒரு வீட்டில் விசேஷம். ஒலிபெருக்கியில் பாட்டு. பாடலின் சொற்கள் உங்களுக்குக் கேட்பதில்லை. தாளக் கருவிகளின் 'தும் தும்' மட்டும் வந்து சேர்கிறது. ஏன்? தொலைவு கூடினால் எல்லா ஒலியும் குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மேலும், காற்று ஒலியை விழுங்குகிறது. உயர் அதிர்வுகளை அதிகமாக விழுங்குகிறது. வெப்பநிலை 20 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று கொள்வோம். இது ஏற்காட்டுக்குப் பொருத்தமான வானிலைதான். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 125 ஹெர்ட்ஸ் ஒலியைக் காற்று அரை டெசிபெல்கூட விழுங்குவதில்லை. 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் 5 டெசிபெல் போகிறது. 8000 ஹெர்ட்ஸ் ஒலியிலோ ஏறத்தாழ 77 டெசிபெல்! அதாவது ஒன்றுமே மிஞ்சாது. பளிச்சென்ற குரல் ஒன்று புறப்பட, மலைக்காற்று அதை வடிகட்டி மங்கலான குரலாக நம்மிடம் தருகிறது.

வடிகட்டுவது! அதுவே இரண்டாவது வழி. ஒவ்வொரு மேற்சுரமாகச் சேர்ப்பதற்குப் பதில், எல்லா மேற்சுரங்களும் நிறைந்த ஒரு முரட்டு ஒலியை முதலில் உண்டாக்கி, வேண்டாதவற்றை வடித்து எடுத்துவிடலாம். காப்பித் தூளில் உள்ளதெல்லாம் தம்ளருக்கு வந்தாக வேண்டும் என்று நாம் கேட்பதில்லையே.

முரட்டு ஒலியை உண்டாக்குவது எளிது. நீர்த்தொட்டி மெதுவாக நிரம்பி, விளிம்பைத் தொட்டதும் அடிக்குழாய் திறந்து ஒரேயடியாகக் காலியாவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மின்தேக்கி ஒன்றை அவ்வாறு நிரப்பி நிரப்பிக் காலி செய்தால் ரம்பப் பல் வடிவ அலை கிடைக்கும். அதில் எல்லா மடங்கு மேற்சுரங்களும் உண்டு: இரண்டாம் மடங்கு பாதி அளவு, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, இப்படியே. சுவிட்சைப் போட்டும் அணைத்தும் உண்டாக்கும் சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்கள் ஏறத்தாழ இந்த இனம்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964ஆம் ஆண்டு உருவாக்கிய சிந்தசைசர் இந்த வழியைப் பின்பற்றியது. அவர் கருவியில் எல்லாவற்றையும் மின்னழுத்தமே ஆண்டது. கட்டையை அழுத்தினால் ஒரு மின்னழுத்தம் அலையியற்றிக்குப் போகும். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அதாவது அதிர்வெண் இரு மடங்காகும். பன்னிரண்டு கட்டைகளுக்கு ஒரு வோல்ட் என்றால், கட்டைக்குக் கட்டை ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வடிகட்டியின் கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதையும் மின்னழுத்தமே சொல்லும். ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எங்கே தணிய வேண்டும், எந்த அளவில் நிலைத்து நிற்க வேண்டும், விரலை எடுத்தபின் எப்படி மறைய வேண்டும் என்ற நான்கையும் நான்கு திருகுகளால் அமைக்கலாம். எழுச்சியை உடனடியாகவும் நிலைப்பைச் சுழியாகவும் வைத்தால் மீட்டிய கம்பி. எழுச்சியை மெதுவாக்கினால் வில் போட்ட கம்பி. வடிகட்டியை ஒலியோடு சேர்ந்து திறக்கவைத்தால், ரிசே கண்ட எக்காளம்.

இந்த மூக் கருவி ஒன்று வெகு சீக்கிரமே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1969ஆம் ஆண்டு அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு மின்னணு இசைக்கூடம் ஒன்று அமைந்தது. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய் முதலியோர் அங்கே இசையமைத்தார்கள். நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் உறங்கின. 2023ஆம் ஆண்டில்தான் அவற்றுள் சில இசைத்தட்டாக வெளிவந்தன.

கமகத்தை ஆயிரம் மடங்கு விரட்டினால்

மூன்றாவது வழி தற்செயலாகக் கிடைத்தது. என் மனத்துக்கு எல்லாவற்றிலும் இதுவே சுவையானது.

பாடகர் ஒரு சுரத்தை அசைக்கும்போது விநாடிக்கு ஐந்தாறு முறை சுருதி மேலும் கீழும் போய்வருகிறது. அதை அசைவாகவே கேட்கிறோம். 1967ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் கணிப்பொறியில் இந்த அசைவை விரைவாக்கிக்கொண்டே போனார். விநாடிக்கு இருபது, ஐம்பது, நூறு... ஒரு கட்டத்தில் அசைவு மறைந்துவிட்டது. அதன் இடத்தில் புதிய ஒலிப்பண்பு ஒன்று நின்றது! இரண்டே இரண்டு எளிய அலைகள். ஒன்று மற்றொன்றின் சுருதியை ஆட்டுகிறது. விளைவோ டஜன் கணக்கில் மேற்சுரங்கள்.

கணக்கைப் பாருங்கள். 200 ஹெர்ட்ஸ் அலையை விநாடிக்கு 280 முறை ஆட்டினால், 200உடன் 280ஐக் கூட்டியும் கழித்தும் புதிய அதிர்வெண்கள் எழுகின்றன. கூட்டினால் 480, 760, 1040. கழித்தால் குறைக்குறியோடு 80, 360. குறைக்குறி வந்தாலும் காதுக்கு 80, 360 என்றே கேட்கும். இவை ஒன்றுக்கொன்று முழு மடங்காக இல்லை. முழு மடங்கில்லாத மேற்சுரங்கள் உள்ள ஒலி எது? கோயில் மணி! ஆட்டும் அலையையும் 200 ஆக்கிவிட்டால் 400, 600, 800 என்று மடங்குகள் ஒழுங்காக வரும். அப்போது குழல், எக்காளம் ஆகியவற்றின் இனம். எவ்வளவு பலமாக ஆட்டுகிறோம் என்ற ஒரே அளவைக் கூட்டிக் குறைத்தால் மேற்சுரங்கள் மொத்தமாகக் கூடிக் குறையும். ஒலியின் வரலாறு முழுவதும் ஒரே திருகில் அடங்கிவிட்டது.

இந்த முறையின் உரிமையை ஜப்பானின் யமஹா நிறுவனம் ஸ்டான்ஃபோர்டிடமிருந்து பெற்று, 1983ஆம் ஆண்டு டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டை வெளியிட்டது. 1980களின் திரைப்பாடல்களில் கேட்கும் கண்ணாடி போன்ற மணியொலியும் மின் பியானோ ஒலியும் பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. அதே 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொது மொழியும் வந்தது. மிடி வழியே ஒலி போவதில்லை. 'இந்தக் கட்டை, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டுமே போகும். ஆகவே கணிப்பொறியும் வாசிக்கலாம். 1986ஆம் ஆண்டு இளையராஜாவின் இசையில் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இத்தகைய கணினி இசை தமிழ்நாடெங்கும் ஒலித்தது. பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் என்று புகழ்பெற்ற இளைஞர் அந்த நாட்களில் திரையிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துவந்தார்.

படம் பிடிப்பதும் பாவனை செய்வதும்

இனி ஒரு நேர்வழி. எதற்கு இத்தனை பாடு? உண்மையான நாதசுரத்தைப் பதிவு செய்துவைத்து, கட்டையை அழுத்தும்போது ஓட்டிவிட்டால் என்ன? இன்றைய கீபோர்டுகளில் நீங்கள் கேட்கும் கருவிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறார்கள். நம் காது கேட்கும் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000. அதன் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அலை வடிவம் தப்பாமல் வரும். எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் ஒரு விநாடிக்கு 88,200 பைட். இன்று இது ஒரு பொருட்டன்று. 1979ஆம் ஆண்டு சிட்னி நகரில் வெளிவந்த ஃபேர்லைட் என்னும் முன்னோடிக் கருவியிலோ ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம்தான். நாய் குரைப்பதைப் பதிந்து அதிலேயே பாட்டு வாசிக்கலாம். நீளமான ராகம் பதிய முடியாது.

இதில் இரண்டு தொல்லைகள். ஒரே பதிவை வேகமாக ஓட்டிச் சுருதியை உயர்த்தினால், குடத்தின் அதிர்வும் சேர்ந்து உயர்ந்துவிடும். தஞ்சாவூர் வீணை பொம்மை வீணையாகிவிடும். அதனால் சில கட்டைகளுக்கு ஒரு பதிவு வீதம் தனித்தனியே எடுக்கிறார்கள். மெல்ல வாசித்தது வேறு, ஓங்கி வாசித்தது வேறு. அவற்றுக்கும் தனிப் பதிவுகள். இரண்டாவது தொல்லை பெரியது: புகைப்படம் சிரிப்பது போல இருக்கலாம், நாம் சொன்னதற்காகச் சிரிக்காது. பதிவு எப்போதும் அன்று ஊதியவர் ஊதிய விதத்திலேயே ஊதும்.

ஆகவே சிலர் ஒலியை விட்டுவிட்டுக் கருவியையே கணிதமாகச் செய்துபார்த்தார்கள். 1983ஆம் ஆண்டு கெவின் கார்ப்ளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் என்ற இருவர் வெளியிட்ட முறை அவ்வளவு எளியது. நோட்டுப் புத்தகத்திலேயே செய்யலாம். மனம்போன போக்கில் ஆறு எண்கள் எழுதுங்கள்:

8, −4, 6, 2, −8, 4

இது மீட்டிய கணத்தில் கம்பியின் கோணல்மாணலான வடிவம். இப்போது ஒவ்வோர் எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் கூட்டிப் பாதியாக்கி அடுத்த வரியில் எழுதுங்கள். கடைசி எண்ணுக்கு அடுத்தது புதிய வரியின் முதல் எண். கிடைப்பது:

2, 1, 4, −3, −2, 3

மீண்டும் ஒரு முறை:

1.5, 2.5, 0.5, −2.5, 0.5, 2.25

கூர்முனைகள் மழுங்குவதைப் பார்த்தீர்களா? அடுத்தடுத்த எண்களிடையே பெரிய துள்ளல் என்றால் உயர் மேற்சுரம் என்று பொருள். சராசரி எடுக்கும்போது முதலில் சாவது அந்தத் துள்ளல்தான். மலைக்காற்று செய்யும் அதே வடிகட்டல்! உண்மையான கம்பியிலும் உயர் மேற்சுரங்களே முதலில் இறக்கின்றன என்று பார்த்தோம். ஆறுக்குப் பதில் 300 எண்கள் எடுத்து, வரி வரியாக விநாடிக்கு 44,100 எண் வீதம் ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், 44,100ஐ 300ஆல் வகுக்க ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டைச் சுருதியின் கீழ் சட்சத்தில் ஒரு கம்பி மீட்டப்படும். ஐந்து விநாடி வீணையைப் பதிவு செய்ய 4,41,000 பைட் தேவை. இதற்கோ 600 பைட் போதும். பள்ளியில் கணினி வகுப்பு இருந்தால் பைத்தான் மொழியில் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிக் கேட்கலாம். மீட்டியது போலவே ஒலிக்கும். முதல் முறை கேட்கும்போது நம்ப முடியாது.

ஆயினும் அது வீணையாகாது. கிதார் போலத்தான் ஒலிக்கும். அதன் காரணத்தைக் கணிப்பொறிகள் பிறப்பதற்கு முன்பே திருச்சியில் பிறந்த ஒருவர் எழுதிவைத்துவிட்டார். சர் சி. வி. இராமன் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரையை ஆராய்ந்தார். வயலினின் குதிரை கூர்மையானது. வீணையின் குதிரையோ மேலே அகன்று, மெல்ல வளைந்திருக்கும். அதிரும் கம்பி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. கம்பியைச் சரிபாதியில் மீட்டினால் இரு மடங்கு மேற்சுரம் எழக்கூடாது என்பது மேலை நாட்டார் கண்ட விதி. நம் கருவிகளில் அது எழுகிறது என்று இராமன் காட்டினார். தம்பூராவின் குதிரைக்கும் கம்பிக்கும் இடையே செருகும் ஜீவா நூலின் இரகசியமும் இதுவே. ஓராண்டுக்கு முன், 1920இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து அவர் மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்திருந்தார். சாதாரணத் தோற்பறையின் மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்றவை; அதனால் அது இரைச்சல். வலந்தலையின் நடுவே அப்பிய கரணை அவற்றை 1, 2, 3, 4, 5 என்று மடங்குகளாக்கிவிடுகிறது. அதனால் மிருதங்கம் சுருதி சேர்கிறது. வீணையைக் கணிதத்தால் செய்ய விரும்புகிறவர் அந்தக் குதிரையின் வளைவையும் சமன்பாட்டில் எழுதியாக வேண்டும்.

கட்டைகளுக்கு இடையில்

இப்போது மேடைக்குத் திரும்புவோம். கீபோர்டுக்காரர் நாதசுரப் பொத்தானை அழுத்தித் தோடி ராகத்தில் காந்தாரம் வாசிக்கிறார். ஒலிப்பண்பு குறையில்லாமல் இருக்கலாம். பதிவு செய்த ஒலிதானே. ஆனால் அது தோடியின் காந்தாரமாக இராது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. கீழுள்ள ரிஷபத்துக்கும் மேலுள்ள மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. நாதசுரக்காரர் அதை விரலால் துளையைப் பாதி மூடியும் சீவாளியில் உதட்டழுத்தத்தை மாற்றியும் உண்டாக்குகிறார். அழுத்தம் மாறும்போது சுருதியோடு மேற்சுரங்களும் மாறுகின்றன. கீபோர்டில் பன்னிரண்டு கட்டைகள். இடையில் ஒன்றும் இல்லை. இடது கைப்பக்கம் சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. மிடியில் அதற்கு 16,384 படிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். காதுக்கு வழுக்கிச் செல்வது போலவே இருக்கும். அந்தச் சக்கரத்தை வசப்படுத்திக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கீபோர்டு சத்யநாராயணன் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கமகத்தைத் தருவது பெட்டி அன்று, அவர் இடக்கை.

ஒலிப்பண்பைத் திருத்தியவர்கள் மின்பொறியாளர்கள் மட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதசுரம் கடையும் ஆசாரிகள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகக் குழலை நீளமாக்கித் துளைகளின் இடத்தை மாற்றி, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை உருவாக்கினார். இன்று கீபோர்டுக்குள் 'நாதசுரம்' என்று பதிவாகியிருக்கும் குரல் பெரும்பாலும் அந்தப் பாரி நாயனத்தின் வழிவந்தது.

பெட்டி உண்மையாகவே வென்ற இடம் ஒன்று உண்டு. முன்னெல்லாம் நாதசுரக் குழுவில் ஒத்து என்று ஒரு கருவி இருந்தது. அதுவும் நாயனம் போன்றதே. ஆனால் விரல்துளை கிடையாது. ஒரே சட்சத்தை அறாமல் ஊதிக்கொண்டிருப்பது அதன் வேலை. 'ஒத்து ஊதுகிறான்' என்று நாம் கேலியாகச் சொல்வது இதிலிருந்து வந்ததே. கேலிதான் தவறு, கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்து, நாதம் துண்டுபடாமல் மணிக்கணக்கில் ஊதுவது எளிதா என்ன? இசை பயிலும் சிறுவர்கள் பலர் ஒத்து ஊதியபடியே பக்கத்தில் நின்று பெரியவர்களின் வாசிப்பைக் கேட்டுக் கற்றார்கள். 1970களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர் (அவர் புல்லாங்குழல் கலைஞரும் கூட) மின்னணு தம்பூராவைச் செய்து புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கையடக்கமான மின்னணுச் சுருதிப்பெட்டிகள் பெருகின. ஒரே சுருதி, ஒரே பண்பு, கமகம் இல்லை: சிந்தசைசருக்கு இதைவிட எளிய வேலை இல்லை. நாதசுர மேடைகளில் ஒத்து ஊதுபவரின் இடத்தில் இன்று பெரும்பாலும் அந்தப் பெட்டி அமர்ந்திருக்கிறது. ஒலி குறையவில்லை. ஆனால் சிறுவன் நின்று கேட்ட இடம் ஒன்று போயிற்று. அதை எந்த மின்சுற்றும் ஈடுசெய்வதாகத் தெரியவில்லை.

ஏற்காட்டு மேடைக்கே உரிய ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. குழலின் சுருதி, உள்ளே ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. மலைமேல் காற்றழுத்தம் குறைவு, அதனால் வேகம் மாறும் என்று சிலர் தேர்வில் எழுதுகிறார்கள், மதிப்பெண் கிடைக்காது. அழுத்தத்தோடு அடர்த்தியும் குறைவதால் இரண்டும் ஈடாகிவிடும். வேகத்தை மாற்றுவது வெப்பநிலைதான். சேலத்தில் பிற்பகல் 36 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 353 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வந்து, இரவில் 20 டிகிரியில் அளந்தால் 343 மீட்டர். வேறுபாடு ஏறக்குறைய 3 விழுக்காடு. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளிடையே உள்ள வேறுபாடு 6 விழுக்காடு என்பதால், குளிர்ந்த குழல் பாதிக் கட்டை இறங்கி ஒலிக்கும். ஊதுபவரின் மூச்சு குழலைச் சூடாக்கிவிடுவதால் உண்மையில் அவ்வளவு இறங்காது. அதற்காகவே கலைஞர்கள் தொடங்குமுன் சற்று நேரம் ஊதிப் பார்க்கிறார்கள். கீபோர்டுக்குள் சுருதியை நிர்ணயிப்பது ஒரு படிகத்தின் அதிர்வு. சேலமும் ஏற்காடும் அதற்கு ஒன்றே. ஆகவே நாதசுரமும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும் குளிர்ந்த மாலையில், குழல் சூடேறும் வரை விட்டுக்கொடுக்க வேண்டியது பெட்டிதான். அதற்கென்று நுண்சுருதிப் பொத்தான் ஒன்று அதில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கீபோர்டுக்காரர் நாதசுரத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.